வசிஃபரஸ்லி: ஆங்கிலத்தில் சத்தத்தை எழுதும்போது எந்தச் சொல், எந்த இடம்

தமிழ்ச் செய்தியை ஆங்கிலமாக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் பக்கங்களைத் திருத்துவது என் அன்றாட வேலை. போன மாதம் ஒருவர் கொடுத்த ஒரே பக்கத்தில் 'வசிஃபரஸ்லி' (vociferously) என்ற ஆங்கிலச் சொல் நான்கு இடத்தில் இருந்தது. உறுப்பினர்கள் வசிஃபரஸ்லி எதிர்த்தார்கள். சரி. ஜெனரேட்டர் வசிஃபரஸ்லி ஓடியது. ஆசிரியை பாடத்தை வசிஃபரஸ்லி வாசித்தார். கடைசியில், ஊர்மக்கள் தெருவிளக்கு வேண்டும் என்று வசிஃபரஸ்லி 'ரிக்வெஸ்ட்' செய்தார்கள்.

கேட்டால், அகராதியில் 'உரத்த குரலில்' என்று போட்டிருந்தது என்றார். அகராதி பொய் சொல்லவில்லை. அவர் சொல்லை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்ற இடத்தைப் பிறகு தேடியிருக்கிறார். இந்த வேலையைத் தலைகீழாகச் செய்யவேண்டும். எந்த வரிசையில் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எந்த நகராட்சிக் கூட்டச் செய்தியிலும் வரக்கூடியது:

'குடிநீர்க் கட்டண உயர்வுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கடும் எதிர்ப்பு தெரிவித்து உரக்கக் கோஷமிட்டனர். ஆனாலும் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.'

இதைக் கடைசியில் ஆங்கிலமாக்கிவிடலாம். அதுவரை பக்கத்தில் இருக்கட்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஆங்கிலம்–தமிழ் அகராதி மட்டும் போதாது. அது பொருளைச் சொல்லும், துணையைச் சொல்லாது. ஒரு சொல் எந்த வினையோடு சேரும், எதோடு சேராது என்பது எடுத்துக்காட்டு வாக்கியங்களில்தான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே மாணவர்களுக்கான அகராதியை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தினால் உச்சரிப்பும் கேட்கலாம். மூன்றில் ஒன்று திறந்திருந்தால் போதும்.

அப்புறம் ஒரு பென்சில். தமிழ் மூலத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு கோடு போட்டுச் செய்தவர்கள் சீக்கிரம் பழகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். திரையில் மட்டும் பார்க்கிறவர்கள் கண்ணில் 'உரக்க' பட்டவுடனேயே கை தட்டச்சுக்குப் போய்விடுகிறது.

1. தமிழ் வாக்கியத்தில் உண்மையில் சத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், தமிழில் 'சத்தம்', 'குரல்' என்று வரும் இடமெல்லாம் ஒலி இருப்பதில்லை.

'அப்பா சத்தம் போட்டார்' என்றால் திட்டினார். 'லவுட்லி' பேசினார் என்று எழுதினால், அப்பாவுக்குக் காது மந்தமோ என்று படிப்பவர் நினைப்பார். இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்கோல்டட்' என்ற வினையே போதும். 'சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டான்' என்பதில் ஒலி அளவைப் பற்றிய பேச்சே கிடையாது, யாருக்கும் தெரியாமல் முடித்தான் என்று பொருள். தென்மாவட்டத்துக்காரர் ஒருவர் 'வண்டிச் சத்தம் அதிகம்' என்று பேட்டியில் சொல்ல, வாகன இரைச்சல் என்று மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார் ஒரு பையன். அவர் சொன்னது வண்டி வாடகையை.

'குரல்' இன்னும் வழுக்கும். 'ஒரே குரலில் வலியுறுத்தினர்' என்றால் ஒற்றுமையாக. சாந்தமாகவும் ஒரே குரலில் பேசலாம். 'ஏழைகளுக்காகக் குரல் கொடுத்தவர்' என்றால் பரிந்து பேசியவர். நம் வாக்கியத்தில் உள்ள 'குரல் வாக்கெடுப்பு' ஒரு நடைமுறையின் பெயர். ஆதரிப்போர் ஆம் என்றும் எதிர்ப்போர் இல்லை என்றும் சொல்ல, எந்தப் பக்கம் பெரும்பான்மை என்று அவைத்தலைவர் கேட்டு முடிவுசெய்வது. ஆங்கிலத்தில் 'வாய்ஸ் வோட்'. அங்கே எந்த வினையடையும் வேண்டாம்.

'கடும்', 'பலத்த' இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இவை அழுத்தத்தைக் காட்டும் சொற்கள். கடும் எதிர்ப்பை ஒரு பக்கக் கடிதத்தில், ஓசையே இல்லாமல் தெரிவிக்கலாம்.

பென்சிலால் செய்யவேண்டியது இதுதான்: காதில் விழும் சொல்லுக்கு அடிக்கோடு, அழுத்தத்தைக் காட்டும் சொல்லுக்கு வட்டம். நம் வாக்கியத்தில் 'உரக்க'வுக்குக் கோடு, 'கடும்' என்பதற்கு வட்டம். 'குரல் வாக்கெடுப்பு'க்கு ஒன்றும் இல்லை. இந்தக் கோடும் வட்டமும்தான் பிறகு சொல்லைத் தேர்ந்து கொடுக்கப்போகின்றன.

2. சத்தம் வாயிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள்

ஜெனரேட்டர், மிக்ஸி, பட்டாசு, கதவு, லாரி இவற்றுக்கெல்லாம் வாய் இல்லை. ஒலி அளவு கூடியது என்றால் 'லவுட்லி', தொந்தரவான இரைச்சல் என்றால் 'நாய்ஸிலி'. பழைய மின்விசிறி நாய்ஸிலி சுற்றும், கதவு லவுட்லி அறையும்.

வசிஃபரஸ்லி வாயுள்ளவற்றுக்கு மட்டும். சொல்லின் உடம்பே அப்படி. லத்தீனில் 'வோக்ஸ்' என்றால் குரல், 'ஃபெர்ரே' என்றால் சுமந்து செல்வது. நமக்கு இதை நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி உண்டு. அந்த 'வோக்ஸ்', வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'வாக்கு'க்கு ஒன்றுவிட்ட உறவு. அந்த 'ஃபெர்ரே', அதே வழியில் வந்த 'பாரம்' என்பதற்கு உறவு. ஆக, வாக்கைப் பாரம்போலத் தூக்கிக்கொண்டு போவது. வகுப்பில் ஒரு பெண் 'பாஸ்பரஸ் மாதிரி இருக்கே சார்' என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. பாஸ்பரஸ் என்றால் கிரேக்கத்தில் ஒளியைச் சுமப்பது, பின்பாதி இரண்டிலும் ஒரே வேர்தான்.

பறவைக்கும் நாய்க்கும் இந்தச் சொல் வருமா? வரும், கொஞ்சம் வேடிக்கைத் தொனியோடு. ஓயாமல் கீச்சிடும் வட அமெரிக்கப் பறவையான கில்டீருக்கு 'கேரட்ரியஸ் வொசிஃபெரஸ்' என்றே அறிவியல் பெயர். ஆனால் செய்திக் கட்டுரையில் தெருநாயை வசிஃபரஸ்லி குரைக்கவிட்டால், எழுதியவர் விளையாடுகிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். விளையாட்டு வேண்டாத இடத்தில் லவுட்லி போதும்.

3. 'வாய்விட்டு' என்பதா, 'உரக்க' என்பதா என்று பிரியுங்கள்

என்னிடம் வரும் பிழைகளில் பாதி இங்கே விழுகிறது. விடையோ நம் பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது.

மனதுக்குள் இல்லாமல் வெளியே கேட்கும்படி செய்வது 'வாய்விட்டு'. வாய்விட்டுப் படி, வாய்விட்டுச் சிரி, வாய்விட்டுச் சொல்லிவிட்டான். இங்கே ஒலி கூடவா குறையவா என்பது கேள்வியே இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் 'அலவுட்' அல்லது 'அவுட் லவுட்'. 'ரீட் அலவுட்', 'திங்க் அலவுட்', 'லாஃப் அவுட் லவுட்'. அலைபேசியில் எல்லோரும் தட்டும் மூன்றெழுத்துச் சிரிப்பு அந்தக் கடைசித் தொடரின் சுருக்கம்தான். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்ற பழமொழியில் உள்ள சிரிப்பும் அதே வகை.

வழக்கத்தைவிட ஒலியைக் கூட்டுவது 'உரக்க', 'சத்தமாக'. இதற்கு 'லவுட்லி'.

வித்தியாசம் என்ன செய்யும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் வகுப்பெடுக்கப் போயிருந்தபோது, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் 'ரீட் லவுட்லி' என்றார் அவனுடைய ஆசிரியர். அவர் நினைத்தது வாய்விட்டுப் படி என்று. பையன் சொன்னதைச் சொன்னபடி செய்தான். கழுத்து நரம்பு புடைக்க, பக்கத்து வகுப்பு எட்டிப்பார்க்கும் அளவுக்கு. அவன்மேல் குற்றமில்லை. வேண்டியது 'ரீட் அலவுட்'.

இதோடு சேர்ந்த மூன்று சிறு விஷயங்கள்:

அலவுட் என்பதில் கூடுதல் குறைவு கிடையாது. வாய்விட்டு அல்லது மனதுக்குள், இரண்டில் ஒன்று. அதனால் 'வெரி அலவுட்', 'மோர் அலவுட்' இரண்டும் தப்பு. ஒலியைக் கூட்டச் சொல்வதானால் 'லவுடர்'.

அனுமதிக்கப்பட்டது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கும் உச்சரிப்பு இதேதான். எழுத்து மட்டும் வேறு: அதில் எல் இரண்டு, நடுவில் டபிள்யு, கடைசியில் இ, டி. கணினியின் பிழைதிருத்தி இதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம், இரண்டுமே சரியான சொற்கள் அல்லவா.

தொலைபேசியில் எதிர்முனை கேட்கவில்லை என்றால் நம்மவர்கள் 'ஸ்பீக் லவுட்லி' என்கிறோம். புரியும், ஆனால் கட்டளைபோல ஒலிக்கும். 'குட் யூ ஸ்பீக் அப்' என்பதுதான் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் இயல்பாக வருவது.

4. கோடும் வட்டமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்

இப்போதுதான் வசிஃபரஸ்லிக்கு வருகிறோம். நான்காவது படியில் வரவேண்டிய சொல் இது. முதல் படியிலேயே பிடித்து இழுத்தால் ஜெனரேட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வினை ஒரு கருத்தையோ நிலைப்பாட்டையோ சொல்கிறதா? குரலும் உயர்ந்திருக்கிறதா? இரண்டும் இருந்தால் வசிஃபரஸ்லி. என் கணக்கு இவ்வளவுதான்: 'கடும்' மட்டும் இருந்தால் 'ஸ்ட்ராங்லி'. 'உரக்க' மட்டும் இருந்தால் 'லவுட்லி'. 'கடும்', 'உரக்க' இரண்டும் ஒரே ஆளின் ஒரே செயலில் இருந்தால் வசிஃபரஸ்லி.

ஏன் இரண்டும் வேண்டும்? சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர் தொண்டை கிழியக் கத்துகிறார். வாய் இருக்கிறது, ஒலி இருக்கிறது. எதையும் எதிர்க்கவோ ஆதரிக்கவோ இல்லை. அவருக்கு லவுட்லி. அதே வியாபாரி, கடையை அகற்ற வந்த அதிகாரிகளிடம் அதே தொண்டையில் வாதாடினால், அப்போது வசிஃபரஸ்லி. ஆளும் மாறவில்லை, ஒலியும் மாறவில்லை, பேச்சுக்குள் ஒரு பிடிவாதம் வந்து சேர்ந்திருக்கிறது.

மறுபக்கம், கோபத்தில் பேச்சே வராமல் தலையை மட்டும் வேகமாக ஆட்டி மறுக்கிறவர் இருக்கிறார். அழுத்தம் உண்டு, குரல் இல்லை. அவருக்கு 'வீயமன்ட்லி'. குற்றச்சாட்டை மறுப்பதற்கும் இந்தச் சொல்தான் வழக்கமான துணை: 'வீயமன்ட்லி டினைட்'. நம் செய்திகளில் 'திட்டவட்டமாக மறுத்தார்' என்று வரும் இடங்களில் பெரும்பாலும் இதைப் போடலாம். அங்கே வசிஃபரஸ்லி போட்டால், அமைச்சர் மேசையைத் தட்டிக் கத்தியதுபோல ஆகிவிடும். அவர் அறிக்கை மட்டுமே விட்டிருப்பார்.

இந்தப் படியில் புதியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு.

கூட்டம் இருந்தால்தான் இந்தச் சொல்லா? இல்லை. ஒற்றை ஆளும் போதும். அணைத் திட்டத்தைப் பல ஆண்டுகளாக எதிர்த்துப் பேசிவரும் ஒருவரை 'வசிஃபரஸ் கிரிட்டிக்' என்று எழுதுவார்கள்.

அப்படியானால் எழுத்தில் எதிர்ப்பவருக்கு இது வரவே வராதா? கொஞ்சம் நெகிழ்வு உண்டு. ஒரு பத்திரிகை வாரக்கணக்கில் தலையங்கம் எழுதித் தள்ளினால் அதையும் வசிஃபரஸ்லி எதிர்த்தது எனலாம், ஊர் அறியக் குரல் கொடுத்தது என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. ஆனால் ஒரே ஒரு மனுவுக்கு இது பொருந்தாது. புதியவர்கள் இந்த விதிவிலக்கைத் தொடாமல் இருப்பது நல்லது, முதல் ஆறு மாதமாவது.

இன்னொன்று. லவுட்லி கருத்தோடு சேரவே சேராது என்று நினைத்துவிடாதீர்கள். 'கம்ப்ளெயின்ட் லவுட்லி' நல்ல, புழக்கத்தில் உள்ள ஆங்கிலம். சந்தேகம் வந்தால் லவுட்லி பக்கம் சாயுங்கள். லவுட்லி போட்டு மாட்டிக்கொள்வது அபூர்வம். வசிஃபரஸ்லி போட்டு மாட்டிக்கொள்கிறவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

5. வினையைத் தேர்ந்த பிறகே வினையடையைச் சேருங்கள்

வினைக்குள்ளேயே சத்தம் இருந்தால் வெளியிலிருந்து சத்தம் வேண்டாம். 'ஷௌட்டட் லவுட்லி' என்பது நடுசென்டர் என்று சொல்வதுபோல. 'ஷௌட்டட்' என்றாலே உரக்கத்தான். 'ஸ்க்ரீம்', 'யெல்', 'ரோர்' எல்லாம் அப்படியே. 'ஷௌட்டட் வசிஃபரஸ்லி' இன்னும் மோசம்.

வினையில் நிலைப்பாடு இருந்து ஒலி இல்லாவிட்டால்தான் வசிஃபரஸ்லிக்கு வேலை. 'அப்போஸ்', 'புரொடெஸ்ட்', 'அப்ஜெக்ட்', 'ஆர்க்யூ', 'கம்ப்ளெயின்', 'டிமாண்ட்' என்று எதிர்ப்பு வினைகளோடு அதிகம் வரும். 'சப்போர்ட்', 'டிஃபெண்ட்' போன்ற ஆதரவு வினைகளோடும் வரும். அகராதியில் கூச்சல் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, எதிர்ப்புக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. தங்கள் அணியை மைதானத்தில் விசிலும் கூவலுமாகத் தாங்கிப்பிடிக்கும் ரசிகர்களுக்கும் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

சேரவே சேராத வினை 'ரிக்வெஸ்ட்'. கேட்டுக்கொள்வது பணிவு, வசிஃபரஸ்லி பிடிவாதம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் கும்பிட்டுக்கொண்டே கத்துகிற மாதிரி இருக்கும். ஊர்மக்கள் உண்மையிலேயே கத்தியிருந்தால் 'டிமாண்டட்' என்று மாற்றுங்கள். பணிவாக மனு கொடுத்திருந்தால் வினையடையை எடுத்துவிடுங்கள்.

உங்களைப் பற்றி நீங்களே எழுதும் கடிதத்திலும் இது வேண்டாம். 'ஐ வசிஃபரஸ்லி அப்போஸ்' என்று ஆட்சேபக் கடிதத்தைத் தொடங்கினால், 'நான் தொண்டை கிழியக் கத்துகிறேன்' என்று அமைதியாக எழுதியதுபோல ஆகும். அங்கே 'ஐ ஸ்ட்ராங்லி அப்ஜெக்ட்' போதும். வசிஃபரஸ்லி வெளியே நின்று பார்க்கிறவரின் சொல்.

6. இடத்தை வேற்றுமை உருபை வைத்து முடிவு செய்யுங்கள்

தமிழில் வினையடை வினைக்கு முன்னால்தான் நிற்கும்: 'உயர்வைக் கடுமையாக எதிர்த்தனர்'. ஆங்கிலத்திலும் வினைக்கு முன்னால் வைக்கலாம்: 'தே வசிஃபரஸ்லி அப்போஸ்ட் த ஹைக்'. இதுவரை பிரச்சினை இல்லை. வினைக்குப் பின்னால் தள்ளும்போதுதான் சிக்கல்.

'தே அப்போஸ்ட் வசிஃபரஸ்லி த ஹைக்' தப்பு. 'தே அப்ஜெக்டட் வசிஃபரஸ்லி டு த ஹைக்' சரி. ஒரே சொல், வினைக்கு அடுத்த அதே இடம், ஏன் ஒன்று மட்டும் தப்பு?

தமிழில் சொல்லிப் பாருங்கள். உயர்வை எதிர்த்தனர். உயர்வுக்கு ஆட்சேபம் தெரிவித்தனர். முதலாவதில் 'ஐ', இரண்டாவதில் 'கு'. 'ஐ' உருபு ஏற்கும் செயப்படுபொருள் ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் யாரையும் விடாது. 'கு'வின் இடத்தில் ஆங்கிலத்தில் 'டு', 'அகெய்ன்ஸ்ட்' போன்ற ஒரு முன்னிடைச்சொல் நிற்கும். அதற்கும் வினைக்கும் நடுவே வினையடை தாராளமாக உட்காரலாம். எல்லா வினைக்கும் இந்தத் தமிழ் உருபு அப்படியே ஒத்துவராது. எதிர்ப்பு வினைகளுக்கு எனக்கு இதுவரை கைகொடுத்திருக்கிறது.

துணைவினை இருந்தால் அதற்கும் முதன்மை வினைக்கும் நடுவில்: 'ஹேவ் வசிஃபரஸ்லி அப்போஸ்ட்', 'வாஸ் வசிஃபரஸ்லி அப்போஸ்ட்'. வாக்கியத்தின் தொடக்கத்தில் வைப்பதை நான் வெட்டிவிடுவேன். இலக்கணத்தில் இடம் இருக்கிறது, படிக்கத்தான் நன்றாக இல்லை.

அளவைக் கூட்ட 'மோர்', 'மோஸ்ட்', 'ஸோ' சேர்க்கலாம். 'வெரி' சேர்த்தால் சர்க்கரைப் பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ள வெல்லம்.

7. வாயால் சொல்லி, பிறகு எழுத்தைச் சரிபாருங்கள்

வ–சிஃ–ப–ரஸ்–லி. ஐந்து அசை. இரண்டாவதான 'சிஃ'மேல் அழுத்தம். நாம் பழக்கத்தில் முதல் அசையை ஓங்கி 'வோ' என்று தொடங்கிவிடுகிறோம், அழுத்தம் அங்கேயே தங்கி, மற்ற நான்கும் கலங்கிவிடுகின்றன. முதல் அசையை விழுங்கிவிட்டு 'சிஃ'யில் இறங்குங்கள். அமெரிக்கர்கள் முதல் அசையைச் சற்று வட்டமாக 'வோ' என்று சொல்வார்கள். அப்போதும் அழுத்தம் இரண்டாவதில்தான்.

'ஃப' உதடும் பல்லும் தொட்டு வரவேண்டும். வெறும் 'ப' போட்டு 'வசிபரஸ்லி' என்றால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். நடுவில் உள்ள சி என்ற எழுத்துக்குப் பின் ஐ வருவதால் 'ஸ' ஒலி, 'க' கிடையாது.

ஆங்கில எழுத்துகள் பன்னிரண்டு. எஃப் ஒன்றுதான், இரட்டிப்பதில்லை. எஸ்ஸுக்கு முன்னால் ஓ, யு இரண்டும் வேண்டும், யு விட்டுப்போவதுதான் அடிக்கடி நடப்பது. அவ்வளவே.

இதைவிட ஆபத்து, பக்கத்து வீட்டுச் சொல். 'வொரேஷஸ்லி' என்றால் அடங்காப் பசியோடு. நிறையப் புத்தகம் படிக்கிறவரை 'ரீட்ஸ் வொரேஷஸ்லி' என்பார்கள். ஒரு தன்விவரக் குறிப்பில் 'ஐ ரீட் வசிஃபரஸ்லி' என்று பார்த்தேன். நூலகத்தில் அவர் கத்திக்கொண்டே படிப்பதுபோல ஒரு காட்சி கண்முன் வந்துபோனது.

8. எழுதியதை வெட்டிப் பாருங்கள்

வினையடையைக் கையால் மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். செய்தி குறைந்ததா? குறையவில்லை என்றால் அது அலங்காரம், வெட்டலாம். ஒரு பக்கத்தில் வசிஃபரஸ்லி ஒன்றுக்கு மேல் இருந்தால் இரண்டாவதை நான் யோசிக்காமல் எடுத்துவிடுவேன். சொல் கனமானது, இரண்டாம் முறை கண்ணில் உறுத்தும்.

சரி, பயிற்சி வாக்கியத்துக்கு வருவோம்.

'கடும்' என்பதற்கு வட்டம் போட்டிருக்கிறோம், 'உரக்க'வுக்குக் கோடு. இரண்டும் அதே உறுப்பினர்கள், அதே நேரத்தில் செய்தது. ஆக, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வசிஃபரஸ்லி. எங்கே வைப்பது? கோஷமிடுவதற்கு 'ஷௌட்டட் ஸ்லோகன்ஸ்', அதற்குள் ஏற்கெனவே சத்தம் இருப்பதால் அங்கே வேண்டாம். எதிர்ப்பில்தான் வைக்கவேண்டும். 'உயர்வுக்கு' என்று தமிழில் 'கு' இருப்பதால் 'அப்ஜெக்டட் டு' எடுக்கலாம், 'அப்போஸ்ட்' எடுத்தாலும் தப்பில்லை. நான் இரண்டாவதை எடுப்பேன், ஒரு சொல் குறைகிறது. 'குரல் வாக்கெடுப்பு' வெறும் 'வாய்ஸ் வோட்'.

'ஆப்போசிஷன் மெம்பர்ஸ் வசிஃபரஸ்லி அப்போஸ்ட் த ஹைக் இன் வாட்டர் சார்ஜஸ் அண்ட் ஷௌட்டட் ஸ்லோகன்ஸ், பட் த ரெசல்யூஷன் வாஸ் பாஸ்ட் பை வாய்ஸ் வோட்.'

புதியவர்கள் கொண்டுவரும் முதல் வரைவில் பெரும்பாலும் 'ஸ்ட்ராங்லி', 'வசிஃபரஸ்லி', 'லவுட்லி' மூன்றும் வரிசையாக நிற்கும், தமிழில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கூலி கொடுத்த மாதிரி.

இப்போது மூலத்தை ஒரே இடத்தில் மாற்றி நீங்களே செய்து பாருங்கள்: 'உரக்கக் கோஷமிட்டனர்' என்பதை எடுத்துவிட்டு, 'கடும் எதிர்ப்பு தெரிவித்து ஆணையரிடம் மனு அளித்தனர்' என்று வையுங்கள். வட்டம் இருக்கிறது, கோடு இல்லை. வசிஃபரஸ்லியை அடித்துவிட்டு அங்கே என்ன எழுதுவீர்கள்?